வெளியே போகும் வழி

“சரிங்க, நாளைக்கு நாங்க உங்கள வுட்டுப் போவணும்னா எங்க டேட்டாவ எப்படி எடுத்துக்கறது?”

கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் ஷிபானா இப்படிக் கேட்டதும், டேட்டா சேமிக்கும் சேவையை விற்க வந்து வீடியோ காலில் சிரித்துக்கொண்டிருந்த பெங்களூர்க்காரரின் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி நடராசனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பேச்சு முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, பொண்ணு பாக்கப் போன எடத்துல குடும்பக் கோர்ட்டு எங்க இருக்குதுன்னு கேப்பாங்களா? நேத்து பேசினவர்கிட்டயும் இதே கேள்வி. சேர்றதுக்கு முன்னாடியே போறதப் பத்தி என்ன பேச்சு?”

“கேட்டுக்கறது நல்லது சார்.”

நடராசனுக்குக் கோபமென்ன கோபம், எல்லாம் பயம்தான். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் மின்கம்பத்துக்கான பீங்கான் செய்கிற கம்பெனி அவருடையது. எந்த மண்ணில் எந்தக் கலவை, சூளையில் எத்தனை டிகிரி, எது விரிசல் விட்டது என்று ஆறு வருட விவரமும், இணையத்தில் சேமித்து வைக்கும் ஒரு கிளவுட் கம்பெனியில் கிடந்தது. போன மாதம் அவர்கள் மெயில் அனுப்பினார்கள். ‘எங்கள் பாதை மாறிவிட்டது. இனி ஏ.ஐ. மட்டும்தான். பழைய சேவை மார்ச்சோடு நிற்கும்.’ அதனால்தான் வேறு கம்பெனி தேடல்.

அந்த விவரம் போனால், விரிசலுக்குக் காரணம் தேடி முதலிலிருந்து மண் குழைக்க வேண்டியதுதான்.

ஷிபானா பழைய கம்பெனிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“மொத்தமா எடுத்துக் குடுக்கற வசதி இல்ல மேடம். எங்க புதுச் சேவைல சேர்ந்துட்டா தானா வந்துடும். எதுக்கு வெளிய போறீங்க? நாம எல்லாம் ஒரே குடும்பம்!”

“யாருய்யா குடும்பம்?” என்று நடராசன் எகிறினார். “எங்க பொருளப் புடிச்சு வெச்சுக்கிட்டு சொந்தம் கொண்டாடறியா?”

போனை வைத்ததும் நாற்காலியில் சாய்ந்தார். “ஆறு வருசம் போச்சேம்மா!”

“போவல சார். நான் சேந்ததுலேருந்து வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வெச்சிருக்கேன். பழைய வருசத்தையும் சேத்துதான்.”

நடராசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாவதாகப் பேசியவர் புதுச்சேரி கிளவுட் கம்பெனி ஒன்றின் இனியவன். ஷிபானா வாயைத் திறக்கும் முன் நடராசனே முந்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஒரு பட்டன அமுக்கினா போதும் சார். அன்னைக்கே முழுசும் எடுத்துக்கலாம். எந்தக் கம்ப்யூட்டர்லயும் தொறக்கும்.”

“இவருதாம்மா!” என்று மேசையைத் தட்டினார் நடராசன். “போறவனத் தடுக்காதவன்கிட்டதான் தைரியமா இருக்கலாம். ஆமா, இந்தக் கேள்விய எங்க கத்துகிட்ட? காலேஜ்லயா?”

“இல்ல சார், இங்கதான்.” ஷிபானா கொஞ்சம் தயங்கினாள். “வேலைல சேந்த அன்னைக்கு நீங்களும் ‘நாம ஒரே குடும்பம்’னு சொல்லித்தான் என் ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வெச்சீங்க. எப்ப திருப்பித் தருவீங்கன்னு கேக்காம வுட்டுட்டேன்.”

நடராசனுக்குக் காது சுட்டது. எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். உள்ளே பதினேழு பேருடைய சர்டிபிகேட்டுகள் இருந்தன. மேலே இருந்த அவளுடையதை எடுத்து நீட்டினார். ‘போயிடுவியாம்மா?’ என்ற கேள்வி வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

ஷிபானா அதை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள்.

“டேட்டா மாத்தற வேல நெறைய இருக்குது சார். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கே வந்துடறேன். மீதிப் பதினாறு பேரையும் இப்ப வரச் சொல்லட்டுமா?”