மங்கலத்துச் சேவல்

"சேவல்னா மங்கலத்துச் சேவல்தான். என் மச்சான் வளத்துனதுன்னா சும்மாவா?" கந்தவேல் எலும்பை உறிஞ்சிக்கொண்டே தட்டை நீட்டினார். மங்கலம் ஊரில் இருக்கும் மைத்துனர் வீட்டிலிருந்து மாதம் ஒரு சேவல் வருவது வழக்கம். மனைவி அமராவதி கறியை அள்ளி வைத்தாள்.

மகள் ஜெயசுதா எதிரே நின்றாள். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட தரணீதரன், கால்நடை மருத்துவம் படித்துவிட்டு பல்லடம் பக்கம் சேவலுக்குக் காயடித்து வளர்த்து விற்கிறான். பனியன் கம்பெனி முதலாளியான கந்தவேலுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

"நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்றது? மாப்பிள்ளை காயடிக்கறாருன்னா? தூ."

"குஞ்சுலயே விதையை எடுத்துட்டா ஆண் ஹார்மோன் சுரக்காதுங்கப்பா. கூவறது, சண்டை போடறது எல்லாம் நின்னுரும். திங்கற தீவனம் பூரா கொழுப்பாத் தங்கி, கறி மெத்துனு ஆயிருமுங்க."

"இதுக்கு அஞ்சு வருசப் படிப்பு வேறயாக்கும். கொண்டையும் இல்லாம, கூவவும் தெரியாம, அதெல்லாம் ஒரு சேவலா கண்ணு? மானங்கெட்ட சீவன். அதை வளக்கறவன் அதுக்கும் மேல."

கந்தவேல் இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "கருப்பராயன் மேல ஆணை. அவன் பண்ணைச் சேவல்ல ஒரு துண்டு என் தொண்டைல எறங்குச்சுன்னா, அன்னைக்கே உன்னைய அவனுக்குக் கட்டித் தாரேன்."

கருப்பராயன் பேரில் சொன்ன சொல்லை அவர் மீறியதே இல்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒழிந்தது சனியன் என்று அவருக்குப் பரம திருப்தி.

குழம்பில் மஞ்சள் மஞ்சளாக மிதந்தது. "எண்ணெயைக் கொட்டிட்டயா புள்ள?"

"எண்ணெயே ஊத்தலீங்க. கறி உட்டதுதானுங்க அது" என்றாள் அமராவதி.

"பாத்துக்க கண்ணு, இதுதான் ஆம்பளைச் சேவல். பல்லுக்கு வேலையே இல்ல. உன்ற ஆளு ஏழு சென்மம் எடுத்தாலும் இப்பிடி ஒண்ணு வளத்த முடியாது."

சட்டியை வழித்துச் சாப்பிட்டுக் கை கழுவினார். ஏப்பம் விட்டபடியே நாற்காலியில் சாய்ந்தார்.

"மச்சானுக்கு ஒரு போன் போடு புள்ள. இதே மாதிரி இன்னொரு சோடி அனுப்பச் சொல்லு."

அமராவதி போனை எடுத்தாள்.

"அண்ணன் எங்கீங்க அனுப்புனாரு? இருங்க, மாப்பிள்ளைக்கே போடறேன்."