எதிர் செட்டின் பறை

பெரியபாளையத்து ஆடித் திருவிழாக் கூட்டம் இரண்டு பறை செட்டையும் சுற்றி மூச்சுவிட இடமில்லாமல் நெருக்குகிறது. கடைசிவரை அடிக்கிற செட்டுக்கே முழுப் பணம், தோற்றவனுக்கு வெறுங்கை என்பது கடைத்தெருவைக் குத்தகை எடுத்த பூவராகவனின் சட்டம். பறைக்குச் சேரும் கூட்டத்தால்தான் அவன் கடைகள் நிரம்புகின்றன. வெயிலோடு விழும் தூறலில் தேசப்பன் செட்டு பறைத்தோலைக் காய்ச்சும் வைக்கோல் தீ நனைந்து அணைய, அவன் பறை தொய்ந்து தொப்பென்கிறது. எதிர் செட்டில் புருஷன் ஆசீர்வாதத்தின் பறையைக் காய்ச்சும் முத்தம்மாவின் நெருப்பு மட்டும் நின்று எரிகிறது. போன வருஷம் தோற்று, பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீங்கிய கையோடு கும்மிடிப்பூண்டிவரை நடந்தது அவள் புருஷன்தான். அவள் எழுந்துபோய்த் தேசப்பனின் பறையை வாங்கி வந்து தன் தீயில் காட்டுகிறாள். "ஏய், அது எதிர் செட்டு மோளம்! இன்னாம்மே, பித்து புட்சிக்கிச்சா?" என்று பூவராகவன் கத்துகிறான். "எதிராளி நீதான்யா. துட்ட ரெண்டு செட்டுக்கும் சமமா பிரி. இல்லாங்காட்டி நீயே தொடையத் தட்டிக்கினு கூட்டத்தப் புட்ச்சி நிறுத்து." தோல் விறைத்துக் கணீரென்கிறது. பறையைத் திருப்பிக் கொடுக்கிறாள். எதிரெதிரே நின்ற இரு வரிசையும் மெல்லத் திரும்பிப் பூவராகவனைப் பார்க்கின்றன. வளையல் கடை ஓரத்தில் ஜனம் கலையத் தொடங்குகிறது. பறைகளுக்கு மேலே உயர்ந்த குச்சிகளில் ஒன்றுகூட இறங்கவில்லை.