அக்காவின் குரலுக்குப் பச்சைப் பொத்தான்

ஒலிப்பதிவு அறையில் கணினியின் வெளிச்சம் தையல்காரியின் மூக்குத்தியில் விழுகிறது. எழுத்தில்லாத அவளுடைய தாய்மொழிக்குக் கைபேசியில் பேசும் அகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் கேட்டு, சரியென்றால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். போன வாரம் வந்து சொற்களைச் சொல்லிவிட்டுப் போனவள், இன்று கேட்க வந்திருக்கும் தையல்காரியின் அக்கா. அம்மாவின் சாவுவீட்டில் வார்த்தை தடித்ததிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. அந்த மொழியைத் தடங்கலில்லாமல் பேச இந்த ஊரில் வேறு ஆளும் இல்லை. ஹெட்போனுக்குள் அக்கா தங்கள் மொழியில் சாரல் என்கிறாள், ஈரம் என்கிறாள். "சாரலை இப்படியா இழுக்கிறது? பெரிய பாட்டுக்காரின்னு நெனப்பு," என்று முணுமுணுத்தாலும் தங்கையின் விரல் பச்சையைத்தான் அழுத்துகிறது. அடுத்த சொல் பாதியில் உடைந்து இருமலாகிறது. "அந்த இருமலை வெட்டிடறேங்க," என்கிறாள் பதிவு செய்யும் பெண். "இரு. திரும்பப் போடு." மறுபடியும் அதே இருமல், நெஞ்சின் அடியிலிருந்து வறண்டு வருகிறது. தையல்காரி கண்ணை மூடிக் கேட்கிறாள். "எத்தனை நாளா இருமுறா?" "தெரியலைங்க. வந்தப்பவே இருமிக்கிட்டுதான் இருந்தாங்க." அவள் ஹெட்போனைக் கழற்றி வைக்கிறாள். "அவ நம்பர் வெச்சிருக்கியா? போடு." மணி அடிக்கிறது. எடுத்த குரல் யாரென்று கேட்டு முடிப்பதற்குள் தங்கை தங்கள் மொழியில் படபடவென்று பொரிகிறாள். பதிவு செய்யும் பெண்ணுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. திட்டுகிறாள் என்பது மட்டும் புரிகிறது. பிறகு மறுமுனையிலிருந்து, இருமலுக்கு நடுவே, பதில் திட்டும் வருகிறது.