கடைசியாக வந்தவன்

வழிகாட்டி யாதிரா திரும்பிப் பார்த்ததும் ஃபாவியன் சட்டென்று முதுகுப்பையின் ஜிப்பை இழுத்து மூடினான். மற்றப் பயணிகள் கடற்கரைக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். கால் வலியென்று மெதுவாக வரும் எலோய்சா அம்மாளும் அவனும்தான் பாக்கி. என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, லேஸ் அவிழ்ந்துவிட்டது என்றான்.

போகும்போது, இப்போது அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்துப் புதரடியில் இரண்டு ஆமைக்குஞ்சுகளை எல்லோருக்கும் காட்டியவள் யாதிராதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுகள். இப்போது ஒன்றுதான் இருந்தது. இலைகளை விலக்கித் தேடினாள், இல்லை.

மேலே தெரியும் எரிமலையின் சரிவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. குஞ்சுகளைத் திருடி வெளிநாட்டுக்கு விற்கிறவர்கள் பற்றித் தீவுகளில் எல்லோருக்கும் தெரியும். தன் கண்ணெதிரில், தான் கூட்டி வந்த பயணிகளுக்குள்ளேயே ஒருவன் கை வைத்துவிட்டான் என்றால், வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு இனி எப்படித் தீவில் கால் வைப்பது?

ரப்பர் படகில் எலோய்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். லோஹா ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வயிற்றுப் புண் என்பதால் போகுமிடமெல்லாம் டிபன் டப்பாவோடுதான் வருவார்.

"அந்தப் பையன் பைய மடியிலயே வச்சிருக்கான் பாத்தியாம்மா? எனக்கென்னவோ சரியாப் படல" என்றார் காதோரம்.

யாதிராவுக்கும் அதேதான் தோன்றியது. கப்பலுக்கு வந்ததும் கேப்டனிடம் சொன்னாள். ஆதாரம் இல்லாமல் ஒரு பயணியின் பையைத் தொட முடியாது, கண் வைத்திரு என்றார் அவர்.

மறுநாள் பெர்னாந்தினா தீவு. கறுத்து இறுகிய எரிமலைக் குழம்பின் மேல், அதே நிறத்தில் கடல் உடும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லோரும் அவற்றைப் படமெடுத்தார்கள். ஃபாவியன் அன்றும் கடைசியில்தான் வந்தான். உடும்புகளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாதிரா பறக்காத நீர்க்காகங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, அவனைப் பார்த்ததும் பாதியில் மறந்துபோனாள். எலோய்சாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தாள். அவனைக் கவனிக்க, கூட இன்னொரு ஜோடிக் கண் இருப்பது ஆறுதலாக இருந்தது.

அவள் மனநிலை தெரியாத சமையல்காரர் செகுந்தோ, அன்று சாப்பாட்டு வேளையில் எலோய்சாவைப் பற்றித் தன் பாட்டுக்குப் புலம்பினார். "வயித்துப் புண்ணுன்னு தினமும் பச்சைக் கீரையும் பப்பாளியும் வாங்கிட்டுப் போறாங்க. இங்க வந்து உக்காந்தா இறாலுக்கு மிளகாய்ச் சாந்து ரெண்டு தடவ கேக்குறாங்க."

யாதிரா சிரித்து வைத்தாள். அவள் கண் மூலை மேஜையில் தனியாகச் சாப்பிட்ட ஃபாவியன் மேல் இருந்தது.

கடைசி நாள் விமான நிலையத்தில், சோதனை செய்பவர்களிடம் போய் அவனைக் காட்டினாள். அவனை உடனே தனியறைக்கு அழைத்துப் போனார்கள். எலோய்சா அவள் கன்னத்தில் முத்தமிட்டு, நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

பையைக் கவிழ்த்தார்கள். ஈரச் சாக்ஸ், இரண்டு சட்டை, ஒரு கேமரா. கிழித்துப் பார்க்காத குறைதான். அதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

யாதிராவுக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டாள். பிறகும் மனம் கேளாமல், ஏன் எப்போதும் கடைசியில் வந்தாய் என்று கேட்டாள்.

அவன் கேமராவை இயக்கி அவள் பக்கம் நீட்டினான். அதே புதர். குனிந்திருந்தார் எலோய்சா. கையில் திறந்த டிபன் டப்பா.

யாதிரா அதிகாரியின் மேஜைக்கு ஓடினாள். குவாயாகில் விமான நிலையத்துக்கு அவர் போன் செய்தார். விமானம் அங்கே இறங்கும்வரை இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாகப் போன் அடித்தது. எலோய்சாவைப் பிடித்துவிட்டார்கள், குஞ்சு உயிரோடு இருக்கிறது.

யாதிராவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு கோபமும் வந்தது.

"அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஃபாவியன் தரையைப் பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டுன்னு நெனச்சேன்."