சுத்தாடல் டீச்சர்மார்

வல்லாரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். பதினெட்டு டீச்சர்மாருக்கு மத்தியானம் சம்பல் போட வேண்டும். கை தன்பாட்டுக்குக் கிள்ளுகிறது. மனசு மட்டும் காலையில் நடந்ததையே சுற்றிச் சுற்றி வருகிறது.

எல்லாம் அழகையா கங்காணி வாசித்த கடுதாசியால் வந்தது. முந்தாநாள் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று சத்தமாக வாசித்தார்.

"சுத்தாடல் படிச்சுக் குடுக்கிற டீச்சர்மாருக்குப் பயிற்சியாம். புதன்கிழமை பதுளையிலேருந்து நம்ம லயத்தப் பார்க்க வர்றாங்க."

"சுத்தாடல்னா என்னாங்க?"

"சுத்தந்தான், வேற என்னா? ஒரு குப்பை கண்ணுல படக்கூடாது. ஒரு புல்லு நிக்கக்கூடாது."

அவ்வளவுதான். லயமே சுரண்டியும் விளக்குமாறுமாக இறங்கியது. புல், சருகு, வேலியோரத்துச் செடி எல்லாம் நெருப்புக்குப் போனது.

என் வீட்டுப் பின்பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் நிசம்தான். ஆனால் காரணம் அது இல்லை. அங்கே நாயுண்ணிப் புதருக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சு, இன்னும் இறகு முளைக்கவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாயும் வராது.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்காவுக்கு அந்தக் குறை கிடையாது.

"ஊர்ல இவ ஒருத்திதான் புள்ள பெத்திருக்கா. இவளால நம்ம லயத்துக்கே மானம் போகப் போகுது."

நேற்றுப் பின்னேரம் கங்காணி அக்காவையே அனுப்பினார்.

"நீயே போயி அந்தப் புதர வெட்டிப் போடு ரெங்கம்மா."

அக்கா கத்தியோடு போவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். மடியில் பிள்ளை அனலாய்க் கொதித்தது. ஓடிப்போய் 'வேணாங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அக்கா தொப்பலாக நனைந்து வந்து, வாசலில் நின்று கத்தியது.

"இந்தாங்க கங்காணி, அங்க பாம்பு இருக்கு. இத்தாந்தண்டி. நான் வெட்ட மாட்டேன். வேணும்னா நீங்க போங்க."

கங்காணி போகவில்லை.

எனக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் ஆத்திரம். என் வீட்டுக்குப் பின்னால் பாம்புப் புற்றே இருப்பதாக இனி ஊரெல்லாம் பேசும். ஒரு வாரத்துக்கு அக்காவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் அக்கா இடுப்புச் சாக்கு இல்லாமல் நின்றதாம். மழைக்கும் குத்துகிற கிளைக்கும் கொழுந்துக்காரிகள் சேலைக்கு மேல் கட்டுகிற சாக்கு அது.

"சாக்கு எங்க?" என்று கங்காணி கேட்டிருக்கிறார்.

"தொலஞ்சிருச்சு."

"தொலைக்கிறதுக்கு அது என்னா ஊசியா? மலைக்குப் போக வேணாம். நல்லம்மா வீட்டுல டீச்சர்மாருக்குச் சமை, போ."

அப்படித்தான் அக்கா என் அடுப்படிக்கே வந்து சேர்ந்தது. நான் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பத்து மணிக்கு டீச்சர்மார் வந்தார்கள். பயிற்சி கொடுப்பவர் ஜெனீரா டீச்சர். ஆளுக்கொரு கயிறு கொடுத்தார்.

"கயித்தச் சதுரமாப் போட்டு, அதுக்குள்ள உசிரோட இருக்கிறத எல்லாம் எண்ணி எழுதுங்க. உங்க பிள்ளைகளுக்கும் இப்படித்தான் வெளிய கூட்டிப்போய்ச் சொல்லிக் குடுக்கணும்."

எல்லாரும் வாசலில் குந்தினார்கள். கயிற்றுக்குள் வெறும் செம்மண்.

"ஒண்ணும் இல்லையே டீச்சர்," என்றார் ஒரு மாஸ்டர்.

கங்காணி நெஞ்சை நிமிர்த்தினார். "இருக்காதுங்க. ஒரு எறும்பு கூடக் கெடைக்காது."

"எறும்பப் பார்க்கத்தானே வந்தோம்," என்றார் ஜெனீரா டீச்சர்.

கங்காணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப சுத்தாடல்னா சுத்தம் இல்லிங்களா?"

"நம்மளச் சுத்தி இருக்கிறதெல்லாம்தாங்க. புல்லு, பூச்சி, நீங்க, நான்."

அவர் தலையைச் சொறிந்தார். "பின்னால ஒரு புதர் மட்டும் மிச்சம் இருக்குங்க. ஆனா அதுல பாம்பு இருக்கு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, பதினெட்டுப் பேரும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

எறும்பு, சிலந்தி, நத்தை, மண்புழு, வண்ணத்துப்பூச்சி. நாற்பத்தொன்று வரை எண்ணினார்கள். பாம்பு மட்டும் இல்லை.

ஜெனீரா டீச்சர் கிளையை மெதுவாக விலக்கினார். மூன்று குஞ்சும் வாயைப் பிளந்தன. ராத்திரி பெய்த மழைக்கு ஒரு சொட்டு நனையவில்லை. கூட்டுக்கு மேலே கூரை மாதிரி ஒரு சாக்கு. நாலு முனையும் கிளையோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாரு கட்டினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு எதிரில் அக்கா தேங்காய் துருவுகிறது. என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அக்கா, உங்க சாக்கு..."

"தொலஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல. கீரையப் பாத்து ஆயி."

"இல்லக்கா, நேத்து மழையில நீங்க..."

"நல்லம்மா," என்று பின்பக்கத்திலிருந்து ஜெனீரா டீச்சரின் குரல். "கொஞ்சம் வாங்க. இந்தக் கூட்டப் பத்தி எங்களுக்கு நீங்கதான் சொல்லணும்."

நான் குனிந்து கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். அக்கா என் மடியிலிருந்து கீரைச் சுளகை வாங்கிக்கொண்டது.

"போடி. எப்பக் கூடு கட்டுச்சு, எப்பக் குஞ்சு பொரிச்சுச்சுன்னு தைரியமாச் சொல்லு. சாக்கு யாரோடதுன்னு கேட்டா, அந்தப் பாம்போடதுன்னு சொல்லிரு."