டிஸ்க் ஆறும் நேரம்

“லீவர் எட்டுப் பல் ஏறுது, ஒன்பதாவதுல தொங்குது. இதை வீக்குன்னு சொல்லக் கூடாதும்மா, விருந்தாளின்னு சொல்லணும். இஷ்டப்பட்டா இருக்கும், இல்லன்னா கிளம்பிடும்.”

“வண்டியை வாங்க வந்தவரும் அதைத்தான் சொன்னார். ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணிட்டா எடுத்துக்கறாராம்.”

மெக்கானிக் காரிலிருந்து எழுந்து வந்தார். இறங்கினார் என்று சொல்ல முடியாது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இந்த மாதிரி வண்டி என்றால் ஊரில் எல்லாரும் இந்தப் பட்டறையைத்தான் கைகாட்டுவார்கள். அவளும் அப்படி விசாரித்துத்தான் வந்திருந்தாள்.

“உங்க வண்டியா?”

“தம்பியுது. ரெண்டு வருஷமா தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சிருந்தோம். அவன் இதைத் தொடறதில்ல. வீட்டுக்கும் வர்றதில்ல.”

அவர் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார். அவள் அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தாள்.

“அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். பிரேக்கைவிட அதுக்காகத்தான் வந்தேன்.”

“கேளுங்க.”

“எங்க தெரு நல்ல சரிவு. வண்டி வாங்கி அஞ்சாவது நாள், சுத்திட்டு வந்து வாசல்ல நிறுத்தினான். உள்ள வந்து கை கால் கழுவி, டீ குடிச்சான். கால் மணி நேரம் இருக்கும். வண்டி தானா உருண்டு போச்சு. கீழ் வீட்டு வாசல்ல அம்மா பேசிட்டு நின்னாங்க.”

ஸ்பேனர் நின்றது.

“உயிருக்கு ஒண்ணும் இல்ல. இடுப்பெலும்பு. இப்பவும் வாக்கரோடதான் நடக்கறாங்க.”

“உங்க தம்பி?”

“ஓடிப்போய் எகிறி ஏறி லீவரை இழுத்தான். அதுக்கு முன்னாடி அது மேல இருந்துதா, கீழ இருந்துதான்னு அவனுக்கே ஞாபகம் இல்ல. அம்மா ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டால, நாலு பேர் முன்னாடி. ‘ஒரு லீவரை இழுக்கத் துப்பில்ல, உனக்கு இந்தக் கார் ஒரு கேடா’ன்னு.” அவள் தன் செருப்பு நுனியைப் பார்த்தாள். “அன்னிக்குப் போனவன்தான். அவன் இழுத்தானா இல்லையா? அதை வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?”

அவர் சக்கரத்தைக் கழற்றி வைத்தார். சக்கரம் இருந்த பள்ளத்துக்குள் டார்ச்சை அடித்தார். பிறகு காருக்குள் குனிந்து, லீவரின் தோலுறையை விலக்கிப் பார்த்தார்.

“அதுக்கப்புறம் யாராவது இதுல கை வெச்சாங்களா?”

“யாரும் தொடல.”

“இங்க வாங்க.” டார்ச் வெளிச்சத்தில் துருவேறிய பிரேக் டிஸ்க், ஒரு சின்ன செந்நிற நிலா போலத் தெரிந்தது. “இதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல கேபிளை முழுசா தளர்த்தணும். அப்புறம் ரெண்டு பக்கமும் பிரேக் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவுல உள்ள இடைவெளியைச் சரி பண்ணணும். கடைசியாத்தான் கேபிளை இறுக்கணும். விக்கறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணினவன் சக்கரத்தையே கழட்டல. உள்ள ஒரு நட்டு இருக்கு, அதை மட்டும் நாலு சுத்து முறுக்கிட்டுக் கையைத் துடைச்சுட்டான்.”

“அப்படின்னா பிடிக்காதா?”

“பிடிக்கும். அதுதான் வினை. ஓடி வந்த சூட்டுல டிஸ்க் விரிஞ்சிருக்கும். லீவரை இழுத்தா கெட்டியா நிக்கும். ஆற ஆற டிஸ்க் சுருங்கும். பிடி நழுவிடும்.”

அவள் அசையாமல் நின்றாள். “அப்போ அவன்...”

“இழுத்திருக்கார். இழுக்கலன்னா, அந்தச் சரிவுல கால் மணி நேரம் எப்படி நிக்கும்? இறங்கின அடுத்த நிமிஷமே ஓடியிருக்கும்.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் காரின் மேல் கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது போல.

“ரெண்டு வருஷம்,” என்றாள். “எந்தப் பாவி பண்ணின வேலைண்ணா இது?”

“அவசர வேலை. வித்தவர் அன்னிக்கே வண்டியைக் கைமாத்தணும்னு பக்கத்துலயே நின்னு வாட்சைப் பார்த்திருப்பார். இவனுக்கும் கடையை மூடற நேரம். நின்னா சரின்னு விட்டிருப்பான்.”

“அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

“கிடைச்சா?”

அவள் திரும்பிப் போய் டயர்களின் மேல் உட்கார்ந்தாள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். அடுத்த சக்கரத்தையும் கழற்றி, கேபிளைத் தளர்த்தி, இடைவெளியை அளந்து, மறுபடி அளந்து, கடைசியில்தான் நட்டைத் தொட்டார். முடிந்ததும் வண்டியைச் சூடேற ஓட்டி வந்து, பட்டறைக்கு எதிரே மேட்டில் நிறுத்தி லீவரை இழுத்தார். கியரில் போடவில்லை. இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கமாக, காருக்கு நேர் பின்னால் போய்க் கைகட்டி நின்றுகொண்டார்.

“அண்ணா, ஓரமா நில்லுங்க.”

“ஆறட்டும்மா.”

முக்கால் மணி நேரம் நின்றார். கார் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அவர் டிஸ்கைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று ஆகியிருந்தது. சாவியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிய பிறகும் அவர் விரல்கள் அதை விடவில்லை.

“அந்த நட்டை முறுக்கினவன் நான்தாம்மா. என்னை உங்க தம்பிகிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?”