வெள்ளி, மூன்று மணி

இணையதளம் கட்டும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, சுடர்க்கொடி பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த கோடிங் குறிப்புகளைத்தான் அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். லூப், ஃபங்ஷன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டது. ஆனால் வெள்ளிக்கிழமை மூன்று மணியானால் எதையும் வெளியிட மறுத்துவிடும். மூன்று மாதமாக வெள்ளிதோறும் அந்த நேரத்தில் அலுவலகமே வேலையை மூட்டை கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியது.

மேலாளர் ஜெபராஜ் அவளைக் கூப்பிட்டார். "'வெள்ளி மூணுக்கு மேல எதையும் வெளியிடாதே'ன்னு உங்க நோட்ஸ்ல இருக்கே. சர்வர் பிரச்சினையாம்மா?"

அவள் தயங்கினாள். "இல்ல சார். மூணரைக்கு என் பொண்ணோட ஸ்கூல் வேன் வரும்."

அந்த வரியை அழிக்கப் பொத்தானுக்குப் போன ஜெபராஜின் விரல் நின்றது.

"என் பொண்ணு வேன் மூணே முக்காலுக்கு. இந்த மூணு மாசமாத்தான் எனக்கே தெரியும்."

அந்த வரியை 'அடிப்படைகள்' பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டார்.